போக மூன்று, திரும்ப இரண்டு

கௌசிகாவின் தொழில் கொரோனா வருஷத்தில் தொடங்கியது. எல்லையோர ஊரான எருத்தேன்பதியில் வீடு கேரளத்திலும் தோப்பு தமிழ்நாட்டிலுமாக வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. அந்த வருஷம் எல்லைச் சாவடிகளில் பாஸ் இல்லாமல் யாரையும் விடவில்லை. மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போடப் போகிறவனும் போனில் படிவம் நிரப்பி, ஆதார் ஏற்றி, காத்திருக்க வேண்டும். கோயம்புத்தூரில் பி.காம். படித்துவிட்டு அந்த ஊருக்கு மருமகளாக வந்திருந்த கௌசிகா, முதலில் தன் மாமனாருக்கு ஒரு பாஸ் எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் காலை வாசலில் பதினோரு பேர் நின்றார்கள்.

எல்லை திறந்த பிறகும் அவர்கள் வருவது நிற்கவில்லை. பாஸ் கேட்டவர்கள் ரயில் டிக்கெட் கேட்டார்கள். பழனிக்கு வேன், மூணாறில் ரூம், துபாயில் இருக்கும் மகளைப் பார்க்க விசா என்று ஒவ்வொன்றாக வந்தது. கொச்சியில் இருந்த ஒரு ஏஜென்சி வீட்டிலிருந்தே வேலை செய்யப் பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. பத்து நாள் ஆன்லைன் வகுப்பு முடிந்ததும் ஒரு ஐடி கொடுத்தார்கள். அந்த ஐடி இருந்தால் டிக்கெட்டை அவளே போடலாம். தேங்காய் போட்டுவைக்கும் அறையில் பாதியை ஒதுக்கி, ஒரு மேசை, ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். போர்டு மட்டும் வைக்க முடியவில்லை. மாமியார் நாச்சம்மாள் விடவில்லை.

"ஊட்டுக்குள்ள உக்காந்துட்டு ஊர் ஆம்பளைகளோட பேசறதுக்குப் பேரு தொழிலா? போர்டு வேற வெக்கோணுமாமா?"

கணவன் அஜய் கஞ்சிக்கோட்டில் ஒரு இரும்பு ஆலையில் சூப்பர்வைசர். அவன் எதிலும் தலையிடுவதில்லை. தலையிடாமல் இருப்பதே அவன் செய்யும் உதவி என்று கௌசிகா அப்போது நினைத்திருந்தாள்.

எனக்கும் அவள்தான் டிக்கெட் எடுத்துத் தருகிறாள். இனி சொல்லப்போவது எல்லாம் அவள் வாயால் கேட்டது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் எந்த இடத்திலும் முயலவில்லை. அதனால்தான் நம்புகிறேன்.

மூன்று வருஷத்தில் அவள் குரலை நம்பி ஆயிரம் பேராவது ஊர் விட்டு ஊர் போயிருப்பார்கள். மூணாறில் எந்த விடுதியில் சுடுதண்ணீர் வராது என்று அவளுக்குத் தெரியும். மூணாறு தெரியாது. விமானத்தில் எந்த வரிசையில் கால் நீட்டலாம் என்று சொல்வாள். விமானத்தின் படியைக்கூட மிதித்ததில்லை. கேட்டால், "நானும் போயிட்டா போனை ஆருங்க எடுக்கறது?" என்று சிரிப்பாள்.

2023 மார்ச் மாதம் பூபதிராஜா வந்தான். நான்கு தோப்பு தள்ளி அவன் வீடு. மனைவி வசந்தாமணியும் உடன் வந்திருந்தாள். அவர்களுக்குப் பின்னால் அவனுடைய அக்காள் சின்னத்தாயி வந்து, உள்ளே வராமல் வாசலில் கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சின்னத்தாயிக்கு நாற்பத்தேழு வயது. பிறந்தபோதே மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்பார்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு உள்ள விவரம்தான். பேச்சும் ஏழெட்டு வார்த்தைதான். தன் பெயர் சொல்வாள். சோறு, தண்ணி, வா, போ சொல்வாள். தம்பியை "ராசா" என்பாள். அம்மா சீக்காளியாகக் கிடந்த காலத்தில், நடக்கப் பழகாத பூபதிராஜாவை இடுப்பில் சுமந்துகொண்டு திரிந்தது அவள்தான். அப்பன் இறந்தபோது பன்னிரண்டு ஏக்கர் தோப்பு இரண்டு பேர் பெயருக்கும் சமமாக வந்தது. மொத்தமாக விற்கலாமென்று பூபதிராஜா அவளை ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போனான். சார்பதிவாளர் பெயர் கேட்டார். அவள் புது இடத்தில் மிரண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இதெல்லாம் ஊருக்கே தெரியும். கௌசிகாவுக்கும் தெரியும்.

"காசிக்குப் போவோணும் அம்மணி," என்றான் பூபதிராஜா. "அப்பன் அம்மாளுக்கு ஒரு திதி குடுக்கோணும். அக்காளையும் கூட்டிட்டுப் போறோம். அதும் பாவம், எங்க போயிருக்குது."

"நல்ல காரியமுங்கண்ணா. மூணு பேருங்களா?"

"போறதுக்கு ரயில்ல மூணு. வர்றதுக்கு பிளேன்ல போட்டுரு. ரெண்டு."

கௌசிகா தலை நிமிர்ந்தாள். "ரெண்டுங்களா? அக்காளுக்கு?"

"அது எங்க பெரியம்மா ஊட்டுக்காரங்க ஒரு கூட்டமா அங்க வர்றாங்க. அவங்களோட ரயில்ல வந்துரும். அந்த டிக்கெட் வேற பக்கம் போட்டாச்சு."

சொல்லும்போது அவன் குரலில் எந்தத் தடங்கலும் இல்லை. வசந்தாமணி மட்டும் நாற்காலிக் கையில் இருந்த பிசிரை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். கழிப்பறைக்கு வழி கேட்கத் தெரியாத ஒருத்தியை யார் கூட்டத்திலோ விட்டுவிட்டு இவர்கள் ஏன் விமானத்தில் வர வேண்டும்? எந்தப் பெரியம்மா? கேள்விகள் கௌசிகாவின் வாய் வரை வந்தன. அந்த மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. மார்ச்சோடு முடியும் வருஷத்துக்கு இத்தனை விமான டிக்கெட் என்று கொச்சி ஏஜென்சி கணக்கு வைத்திருந்தது. அதற்குக் கீழே போனால் ஐடியை முடக்கிவிடுவார்கள். அவளுக்கு இரண்டு குறைந்தது. சரியாக இரண்டு.

"செரிங்கண்ணா," என்றாள். ஆதார் அட்டைகளை வாங்கிப் பெயர் அடித்தாள். போக மூன்று. திரும்ப இரண்டு.

அவர்கள் கிளம்பிப் பத்தாம் நாள் ஊருக்குச் செய்தி வந்தது. கங்கையில் குளிக்கும்போது சின்னத்தாயியை ஆறு இழுத்துக்கொண்டு போய்விட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை. பூபதிராஜா மொட்டைத் தலையோடு வந்து இறங்கி, வாசலில் விழுந்து அழுதான். "என்னையத் தூக்கி வளத்தவளை ஆத்துக்குக் குடுத்துட்டு வந்துட்டனே" என்று அவன் அழுத அழுகையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த கிழவர்கள்கூடத் துண்டை வாயில் பொத்திக்கொண்டார்கள். கௌசிகாவும் நாச்சம்மாளோடு துக்கம் விசாரிக்கப் போனாள். கருமாதிக்கும் போய் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சாப்பிடும்போதே அவளுக்கு ஒன்று உறுத்தியது. அவர்கள் குறித்த தேதியில், குறித்த விமானத்தில் திரும்பியிருந்தார்கள். தேதி மாற்ற ஒரு போன் வரவில்லை. அக்காளை ஆறு கொண்டுபோன பிறகு எவனாவது ஒரு நாள் கூடத் தங்கித் தேடாமல் வருவானா? போலீசுக்குப் போயிருந்தால் ஒரு நாளில் விட்டிருப்பார்களா? டிக்கெட் போட்டவளுக்கு மட்டும்தான் இது தெரியும். பாயசம் ஊற்ற வந்தார்கள். வேண்டாம் என்று இலையை மூடிவிட்டு எழுந்தாள். அன்றும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

கருமாதி முடிந்து எட்டாம் நாள், மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு போன் வந்தது. இந்தி. கௌசிகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த இந்தி கொஞ்சம் இருந்தது. காசியில் ஆதரவற்ற பெண்களை வைத்திருக்கும் ஒரு விடுதியிலிருந்து பேசுவதாக அந்தப் பெண் சொன்னாள். ஸ்டேஷன் அருகே நான்கு நாள் பட்டினியாகக் கிடந்த ஒருத்தியை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். என்ன பாஷை என்றே தெரியவில்லை. கையில் ஒரு மஞ்சள் துணிப்பை மட்டும் இருந்தது. தூங்கும்போதுகூட அதை விடுவதில்லை. குளிப்பாட்டும்போதுதான் பிடுங்கிப் பார்த்தோம், அதில் உங்கள் நம்பர் அச்சடித்திருக்கிறது என்றாள்.

தன் மூலமாகப் பயணம் போகும் எல்லோருக்கும் கௌசிகா அப்படி ஒரு பை கொடுப்பது வழக்கம்.

"பேர் ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டாள்.

"ராசா, ராசா என்கிறாள். அது பெயரா?"

கௌசிகா போனை வைத்துவிட்டு நேராகப் பூபதிராஜா வீட்டுக்கு ஓடினாள். அதைத்தான் இப்போதும் சொல்லி நொந்துகொள்கிறாள். போலீசுக்குப் போகாமல் அவனிடம் போனேனே என்கிறாள். அவன் கேட்டுக்கொண்டான். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"அம்மணி, எங்கக்கா போய்ச் சேந்துட்டாங்க. காரியமெல்லாம் முடிஞ்சுது. எவளோ பையைத் திருடியிருப்பா. நீ ஊர்ல கலாட்டா பண்ணாம உன் வேலையப் பாரு. உங்க தோப்புக்குத் தண்ணி எங்க போர்ல இருந்துதான் வருது, ஞாபகம் இருக்குதல்ல?"

வீட்டில் சொன்னபோது நாச்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அஜய் சாப்பிட்டுக்கொண்டே, "நமக்கெதுக்கு இந்த வம்பு? விட்டுரு," என்றான். கௌசிகா அன்று தனக்கே ஒரு டிக்கெட் போட்டாள். கோயம்புத்தூரிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து காசி. முதல் விமானப் பயணம். ஜன்னல் ஓரம்தான் கிடைத்தது. வெளியே பார்த்தாளா என்று கேட்டேன். நினைவில்லை என்றாள்.

விடுதியில் பேன் பிடித்துவிட்டதென்று சின்னத்தாயிக்கு மொட்டை அடித்திருந்தார்கள். யாருடையதோ சுடிதார் போட்டுவிட்டிருந்தார்கள். காலில் புண். கௌசிகாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு கைகொட்டிச் சிரித்தாள். அடுத்த கணம் கௌசிகாவின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ராசா?"

"ஊர்ல இருக்காருங்க்கா. போலாம் வாங்க."

ஆதார் அட்டை இல்லாததால் விமானத்தில் ஏற்ற முடியாது. ரயிலில் வந்தார்கள். இரண்டு ராத்திரியும் சின்னத்தாயி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எழுந்து உட்கார்ந்து, "ராசா?" என்று கேட்டாள். இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று கௌசிகா சொல்லிக்கொண்டே வந்தாள்.

பூபதிராஜா வீட்டு கேட்டில் ஆட்டோ நின்றதும், கௌசிகா இறங்குவதற்குள் சின்னத்தாயி குதித்து ஓடினாள். கேட் பூட்டியிருந்தது. கம்பிக்குள் கையை விட்டு ஆட்டினாள். கதவு திறந்து பூபதிராஜா வெளியே வந்தான். அவன் பின்னால், முன்னறைச் சுவரில், சின்னத்தாயியின் போட்டோவுக்கு மாலை போட்டுச் சீரியல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். விரல் நீட்டி, சந்தோஷமாக, "சின்னத்தாயி! சின்னத்தாயி!" என்றாள்.

அக்கம்பக்கத் தோப்புகளில் இருந்தவர்கள் சாலையில் கூடிவிட்டார்கள். பூபதிராஜா இரண்டடி பின்னால் போனான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"இது ஆரு? மொட்டை அடிச்சு, பைத்தியத்துக்குத் துணி போட்டுக் கூட்டியாந்து எங்கூட்டு வாசல்ல நிறுத்தினா எங்கக்கா ஆயிருமா?"

"அண்ணா, உங்களைத்தானுங்க கூப்பிடறாங்க. முகத்தைப் பாருங்க."

"ராசா," என்றாள் சின்னத்தாயி. கேட்டுக் கம்பிக்குள் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. வசந்தாமணி வந்து அந்தக் கையை மெதுவாக வெளியே தள்ளிவிட்டு, உள்கதவையும் சாத்தினாள்.

கூடியிருந்தவர்களில் அவளைத் தெரியாதவர் யாருமில்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் மட்டும், "காரியம் பண்ணுன ஆளு திரும்பி ஊட்டுக்குள்ள வரக்கூடாது அம்மணி. அது குடும்பத்துக்கு ஆகாது," என்றார். அவரும் கருமாதியில் சாப்பிட்டவர்தான்.

அங்கிருந்தே ஸ்டேஷனுக்குப் போனாள் கௌசிகா. போலீஸ் வந்ததும் பூபதிராஜா ஒரே நிமிஷத்தில் மாறிவிட்டான். அக்காளைக் கட்டிக்கொண்டு அழுதான். கூட்டத்தில் தவறிப்போய்விட்டாள், ஆற்றோடு போனதை யாரோ பார்த்ததாகச் சொன்னார்கள், மொழி தெரியாத ஊர், நம்பிவிட்டோம், மொட்டையில் அடையாளமும் தெரியவில்லை என்றான். எஸ்.ஐ. விடவில்லை. அப்படியானால் திரும்பி வர அவளுக்கு டிக்கெட் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார்.

பூபதிராஜா கௌசிகாவைத் திரும்பிப் பார்த்தான்.

"மூணுதானுங்க சார் கேட்டோம். அந்தம்மணி ரெண்டுதான் போட்டுக் குடுத்துச்சு. நான் எட்டாவது சார். இங்கிலீசுல என்ன அடிச்சுதுன்னு எனக்கு என்ன தெரியும்? பிளேன் ஏறப்போற எடத்துலதான் தெரிஞ்சுது. அந்தக் குழப்பத்துலதான் எங்கக்காளைத் தவற விட்டோம்."

ஆற்றில் போனாள் என்று அழுதவன், இப்போது விமான நிலையத்தில் தவறவிட்டேன் என்கிறான். கௌசிகா அதைக் கத்திச் சொன்னாள். எஸ்.ஐ. அவளைப் பார்த்து, "மூணு பேர் போய் ரெண்டு பேர் திரும்பறாங்கன்னு நீங்க கேக்கலையா?" என்றார்.

"கேட்டனுங்க."

"கேட்டுட்டு?"

இந்த இடத்தைச் சொல்லும்போது கௌசிகா என் முகத்தைப் பார்க்கவில்லை.

வழக்கு பதிவானது. சின்னத்தாயியைப் பாலக்காட்டில் ஒரு அரசு இல்லத்தில் வைத்தார்கள். கௌசிகா மாதம் இரண்டு முறை போய்ப் பார்த்தாள். ஊரில் அவளிடம் டிக்கெட்டுக்கு வருவது நின்றது. 'டிக்கெட்டை மாத்திப் போட்டு ஒருத்தியை அனாதையாக்கினவ' என்ற பேச்சு பக்கத்து ஊரான கோழிப்பாறை வரைக்கும் போயிருந்தது. உள்ளுக்குள் அதை நம்பியவர்கள் குறைவு. ஆனால் அதைச் சொல்வது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. அது பொய் என்றால், கேட்டுக்கு வெளியே வாய் மூடி நின்ற தங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். பூபதிராஜா போர் தண்ணீரை நிறுத்தினான். அந்தக் கோடையில் மாமனாரின் அறுபது தென்னை குருத்து காய்ந்தது. நாச்சம்மாள் பிறகு மருமகளோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டுவைத்து, தட்டைத் தரையில் தள்ளிவிடுவாள்.

அடுத்த வருஷம் வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதிபதி பெண். பொறுமையாக, தமிழ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சின்னத்தாயியிடம் கேட்டார்: உங்களை யார் விட்டுவிட்டு வந்தார்கள்?

சின்னத்தாயி அறை முழுக்கத் தேடினாள். பூபதிராஜாவைக் கண்டதும் பெஞ்சுகளுக்கு நடுவே ஓடி, அவன் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டாள். இல்லத்தில் கொடுத்த வாழைப்பழம் ஒன்றை மடியில் முடிந்து வைத்திருந்தாள். அவிழ்த்து, தோலை உரித்து, அவன் வாயருகே நீட்டினாள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான். மென்று விழுங்கினான்.

"யார் கூடப் போக வேணும் உங்களுக்கு?"

"ராசா."

டிக்கெட் போட்டவளின் சாட்சி உட்பட வேறு எதுவும் நிற்கவில்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்ததாக நிரூபிக்க முடியவில்லை என்று வழக்கு முடிந்தது. சின்னத்தாயி தம்பியோடு காரில் ஏறிப் போனாள். கௌசிகா கையசைத்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேலும் எட்டு மாதத்தில் பூபதிராஜா அக்காளுக்கு கார்டியன் என்று சட்டப்படி ஆனான். இனி அவள் பங்குக்கும் அவனே கையெழுத்துப் போடலாம். மனுவோடு, இருவரும் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் போட்டோ வைத்திருந்தானாம்.

அதற்குப் பிறகு சின்னத்தாயியை அவன் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. தோப்பின் கடைசியில் மோட்டார் ரூமை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. சாளை என்பார்கள். முன்பு மட்டை போட்டுவைத்த இடம். அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். பஞ்சாயத்து மெம்பரிடம் கௌசிகா சொன்னாள். "சோறு குடுக்கறாங்கல்ல? வேறென்ன வேணும்?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லியும் தேங்காய்ச் சட்னியும் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு அங்கே போனாள். சின்னத்தாயி மட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். கௌசிகாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கைகொட்டுவாள் என்று கௌசிகா எதிர்பார்த்தாள்.

"டிக்கெட்," என்றாள் சின்னத்தாயி. அவள் வாயில் கௌசிகா அதுவரை கேட்டிராத சொல். யாரோ நாள் கணக்கில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். "டிக்கெட்! போ! போ!"

கையில் கிடைத்த ஓட்டுச்சில்லை எடுத்து வீசினாள். நெற்றியில் பட்டுக் கிழித்தது. இரண்டாவது, கழுத்தெலும்பில். அடித்துவிட்டுப் பயந்து, தகரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அழுதாள். நான் இல்லைக்கா என்று கௌசிகா சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை என்றாள்.

தேங்காய் பொறுக்க வந்த வசந்தாமணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். தூக்குப்போசியை எடுத்து, இட்லியை நாய்க்குக் கொட்டினாள். மோட்டார் தொட்டியில் அலசித் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இந்தாங்க அம்மணி. ரத்தம் வருது பாருங்க, மஞ்சள் வெச்சுக்கோங்க. இனிமேல் எதும் கொண்டாராதீங்க. அதுக்கு உங்களைக் கண்டா ஆகறதில்ல."

கௌசிகா அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. பூபதிராஜாவின் பன்னிரண்டு ஏக்கர் தோப்பும் போன மாசி மாதம் விற்றுப்போயிற்று. வாங்கியவர்கள் சாளையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். சின்னத்தாயி இப்போது எங்கே இருக்கிறாள் என்று பூபதிராஜாவை ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஆள் கௌசிகாதான். ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறாள். விசாரிக்கிறோம் என்று ஒரு ரசீது கொடுத்திருக்கிறார்கள்.